இடக்கையில் வில் பிடித்தால் தோடி ராகம் மாறிவிடுமா?

இசைத் தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த செய்முறைத் தேர்வன்று ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சுருதிப் பெட்டியைப் போட்டு, வில்லைக் கம்பியில் வைப்பதற்கு முன்பே எழுப்பி அனுப்பப்பட்ட வயலின் தேர்வர் நான். அன்றைக்கு அப்படித் திரும்பியவன் நான் ஒருவன்தான். அதனால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு மனுக்கள் கொடுத்தேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு இரண்டு வரி வந்தது: வழக்கமான முறையில் வாசிக்கப்படாத கருவி செய்முறைத் தேர்வுக்கு ஏற்கப்பட மாட்டாது, விருப்பமிருப்பின் வாய்ப்பாட்டுப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். எந்த விதிப்படி, யார் எடுத்த முடிவு என்று ஒரு சொல் இல்லை. உறையில் போட்டு அனுப்பியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பதினெட்டு வருஷம் வயலின் கற்றவனிடம் பாட்டுக்குப் போ என்பது, தையல்காரரிடம் சமையல் வேலைக்குப் போகச் சொல்வது போல. இரண்டும் நல்ல தொழில்தான். ஆனால் அவர் கற்றது தையல்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வரை என் பத்து விரல்களும் முழுசாக இருந்தன. பகலில் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர், சாயங்காலம் வயலின். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று எங்கள் மெஷினில் ஒரு பட்டனை எப்போதும் அழுத்தியே இருக்கும்படி கட்டி வைத்திருந்தார்கள். இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணுவோடு போயின. அது வேறு வழக்கு, வேறு இடத்தில் நடக்கிறது. இங்கே சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

வயலினில் இடது கைதான் ஸ்வரம் பிடிக்கிற கை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஜோடியாக ஏறி இறங்கியே நம்முடைய கமகங்களில், அதாவது ஸ்வரத்தின் அசைவுகளில், பாதி பிறக்கின்றன. மீதமிருந்த ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் வைத்து ஆறு மாதம் முயன்றேன். நடுவிரலின் வெட்டுப்பட்ட நுனி கம்பியில் லேசாக உரசினாலே முழங்கை வரை கரன்ட் அடித்தது போல இழுக்கும். ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி ஒன்றை முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். உங்கள் தேர்வாளரும் கேட்டார். "விரலுக்கு உறை போட்டு வாசிக்கலாமே, ஃபாரின்ல வாசிக்கிறாங்களே?" வாசிக்கிறார்கள். பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமிக்கு 1965-இல், பதினேழு வயதில், பர்மிங்ஹாமில் ஒரு தகரத் தொழிற்சாலை பிரஸ்ஸில் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அவருக்கும் ஸ்வரம் பிடிக்கிற கையில் அதே விரல்கள், அதே மாதிரி மெஷின். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். நானும் செய்து பார்த்தேன், மூன்று தினுசில். கிதாரில் மெட்டுகள் உண்டு, விரல் பலகையில் குறுக்கே பதித்த கம்பிகள். விரல் சுமாராக அழுத்தினாலும் மெட்டு ஸ்வரத்தைக் காப்பாற்றிவிடும். வயலினில் மெட்டு கிடையாது. தோல் கம்பியைத் தொட்டு உணர்ந்தால்தான் காந்தாரம் (ஸரிகமவின் 'க') எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. அப்புறம், அவருக்குப் போனது நுனி. எனக்குப் போனது இரண்டு கணு.

வயலினை விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் ருடால்ஃப் கோலிஷ் என்ற வயலின் கலைஞரைப் பற்றிப் படித்தேன். 1896-இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். சின்ன வயதில் இடது நடுவிரலில் அடிபட்டு, வயலினை இடம் வலமாக மாற்றிக்கொண்டார். வலது கையால் ஸ்வரம், இடது கையால் வில். அப்படி வாசித்தபடியேதான் தன் பெயரில் ஒரு நால்வர் குழுவை நடத்தினார். இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்க், பார்ட்டோக் ஆகியோரின் நால்வர் இசைப் படைப்புகள் சிலவற்றை உலகம் முதலில் கேட்டது அந்தக் குழுவிடம்தான். என் வலது கை ஐந்து விரலோடு சும்மா வில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கம்பிகளை மட்டும் இடம் மாற்றிக் கட்டினேன். மந்தரக் கம்பிக்குச் சளி பிடித்துவிட்டது; மேல் பஞ்சமக் கம்பி தகர டப்பா போலக் கேட்டது. கருவி பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் என் கையைப் பார்த்தார், வயலினைப் பார்த்தார். "வயித்தைத் திறக்கணும் தம்பி" என்றார்.

வெளியே பார்க்க வயலின் இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும். உள்ளே அப்படி இல்லை. கனத்த கம்பிகளின் பக்கம் மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டை ஒட்டியிருக்கும். மெல்லிய கம்பிகளின் பக்கம், கம்பிகளைத் தாங்குகிற குதிரையின் காலுக்குக் கொஞ்சம் பின்னால், மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்று, பசையே இல்லாமல், இறுக்கத்திலேயே நிற்கும். குதிரையும் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தணிவு. கம்பியை மட்டும் மாற்றினால் தலையணையில் கால் வைத்துப் படுத்த கதைதான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே திறந்தார். வெந்நீரில் தோய்த்த மெல்லிய கத்தியை ஓரத்து மூட்டில் விட்டு, நகம் அளவு நகர்த்துவார், நிறுத்துவார், மறுபடி நகர்த்துவார். டிக், டிக் என்று விட்டுக்கொண்டே வந்தது. என் பல்லில் கூசியது. அவர் சிரித்தார். இது வஜ்ரம் என்ற பழைய பசை போட்டு ஒட்டியது, என்றைக்காவது யாராவது திறக்க வேண்டி வரும் என்று தெரிந்துதான் வஜ்ரம் போடுகிறார்கள், இப்போதைய பசை என்றால் பலகையே பிளந்திருக்கும் என்றார். பழைய கட்டையைச் சீவி எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் புதுக் கட்டை ஒட்டினார். மூடிக் காயவைத்து, வளைந்த கம்பி ஒன்றின் நுனியில் குச்சியைக் குத்தி, பக்கத் துளை வழியாக உள்ளே விட்டு நிறுத்தினார். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலு தரம் விழுந்தது. ஐந்தாவது தரம் நின்றது. புதுக் குதிரை, மாற்றிய பிரடைகள் (கம்பியை முறுக்கும் திருகுகள்), கம்பி உட்காரும் பள்ளங்கள், கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். வில்லில் மோதிர விரல் இல்லாத இடைவெளிக்கு, எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் ஒரு தோல் வளையம் தைத்துக் கொடுத்தார். நாற்பது ரூபாய்.

அப்புறம் மறுபடியும் முதல் பாடமான ஸரளி வரிசை. முப்பத்தோரு வயதில்.

இதில் எதிர்பாராத ஒரு லாபம் இருந்தது. என் வாத்தியார் எதிரே உட்கார்ந்து வாசிப்பார். அவர் வலது காலை நீட்டி வயலினின் தலையை அதன் மேல் வைத்திருப்பார். நான் இடது காலை நீட்டி வைத்திருப்பேன். சின்ன வயதில் அவர் கையைப் பார்த்து மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் கற்றேன். இப்போது திருப்பவே வேண்டாம், அவர் எனக்குக் கண்ணாடி. "முன்னாடியே உன்னை இப்படி உட்கார வெச்சிருக்கலாம்டா" என்று கிண்டல் செய்தார். பதினான்கு மாதத்தில் வர்ணத்துக்கு வந்தேன். தோடியின் காந்தாரம் இன்னும் நான்கு மாதம் எடுத்தது. வந்த அன்றைக்கு வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, வில்லைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனார். அவர் அப்படிப் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கருவியோடுதான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். முதலில் ஒருவர், "தம்பி, மாத்தி உட்கார்ந்திருக்கீங்க" என்றார். இல்லைங்க, இப்படித்தான் என்றேன். கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். வயலினை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மிருதங்கம் வாசிக்க வந்திருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். "இது சம்பிரதாயத்துக்கு ஒத்து வராது, ரூல்ஸ்லயும் இல்லை, வாசிக்க வேண்டாம்" என்றார்கள். ஒரே ஒரு கீர்த்தனை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கேட்டால் மார்க் போட வேண்டி வரும் என்று பதில் வந்தது. வெளியே வந்து பெட்டியை மூடும்போதுதான் சுருதிப் பெட்டியை உள்ளேயே ஓடவிட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பப் போய் எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று எனக்கு.

நான் சுமாராக வாசித்திருக்கலாம். தோற்றும் இருக்கலாம். அதற்குத்தானே தேர்வு? காதில் ஒரு ஸ்வரம்கூட விழாமல் வந்த தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சம்பிரதாயம் என்றீர்கள். எந்தக் கருவியைப் பற்றி? வீணையைச் சொல்லியிருந்தால்கூட நான் கொஞ்சம் தயங்கியிருப்பேன். வயலின் நம்மிடம் வந்தே இருநூற்றுச் சொச்சம் வருஷம்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று, அதை நம் சங்கீதத்துக்குத் திருப்பினார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்வாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலினையே பரிசாகக் கொடுத்தார். நின்றுகொண்டு, தோளில் ஏற்றி, தாடையால் பிடித்து வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து காலில் சாய்த்து வாசிக்கும் கருவியாக்கினோம். ஐரோப்பியர் கட்டிய ஸ்வரங்களை விட்டுவிட்டு ஸ-ப-ஸ-ப என்று கட்டினோம். ஏன்? நம் உடம்பு உட்கார்கிற விதம் வேறு, நம் சங்கீதத்துக்கு இடது கை தாராளமாக வழுக்கி ஓட வேண்டும், அதனால். வாசிக்கிறவரின் உடம்புக்கும் தேவைக்கும் ஏற்பக் கருவியை மாற்றிக்கொண்டதுதான் கர்நாடக வயலினின் மொத்தச் சரித்திரமும். நான் செய்திருப்பது அதன் இன்னொரு சின்ன அத்தியாயம், அவ்வளவுதான்.

இடக்கை என்பதுதான் உறுத்துகிறது என்றால், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மற்றவர்கள் வலது கையால் வாசிக்கிற வலந்தலை முகமே அவருக்கு இடப்பக்கம். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், அவர் வாசித்த கச்சேரிகளில் மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பாடகர்கள் அதைப் பொருட்படுத்தாமல் அவரை விரும்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அவர் பாணியை உங்கள் பாடத்திட்டத்தில் மாணவர்கள் படிக்கிறார்கள். உங்கள் முன்னால் தேர்வுக்கு வந்திருந்தால் அவரையும் எழுப்பி அனுப்பியிருப்பீர்களா? (எனக்கு ஒரு ஆசை உண்டு: என்றைக்காவது ஓர் இடக்கை மிருதங்கக்காரரோடு வாசிக்க வேண்டும். நாங்கள் இருவரும் இடம் மாறி உட்கார்ந்தால் கணக்கு அச்சாகப் பொருந்தும்.)

உங்கள் தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. வில் பிடிக்கும் முறைக்கும் விரல் முறைக்கும் மதிப்பெண் உண்டு, கண்ணாடிப் பிம்பம் போல வாசிக்கிறவருக்கு அதை எப்படிப் போடுவது? போடலாம். எந்த விரல் எந்த ஸ்வரத்துக்கு, வில் எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் கை மாறினாலும் மாறாது. மாறுவது திசை. வில் பிடியில் மட்டும் எனக்கு இரண்டு விரல் குறைவு. அதற்கு எவ்வளவு குறைப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. ஒரு கமகத்தைக்கூட விட்டுத் தரச் சொல்லவில்லை. காது மட்டும் போதும் என்றால் நடுவில் திரை போடுங்கள், பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் இன்னொன்று சொன்னார். ஊனச் சான்றிதழில் 40 விழுக்காடு இருந்தால் எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, உங்களுக்கு அதற்குக் குறைவாக இருப்பதால் எதுவும் செய்வதற்கில்லை என்றார். நான் எழுதுவது வலது கையால். அது நன்றாகத்தான் இருக்கிறது. கூடுதல் நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சட்டத்தைப் படித்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பெறத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்ய வேண்டும், அது அமைப்பின் மீது அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்று அதன் 2-ஆம் பிரிவு விளக்குகிறது. கலை சார்ந்த படிப்புகளை மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும்படி மாற்றியமைக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 40 விழுக்காட்டுக் கதையை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் முடித்துவைத்துவிட்டது. எழுதும்போது கைத்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத உதவியாளர் கேட்ட வழக்கு அது. 40 விழுக்காடு இல்லை என்பதற்காக ஒருவருக்குத் தேவையான மாற்றத்தை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பு. என் விஷயத்தில் உங்கள் மீது விழும் சுமை என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன். மிருதங்கப் பையனின் ஜமக்காளத்தை இரண்டடி தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

எனக்காக மட்டும் இதை எழுதவில்லை. அன்றைக்குத் தேர்வுக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வீணை வாசிக்கிற ஓர் அக்கா வந்து பேசினார். சிறு வயதில் வந்த போலியோவால் அவருக்குச் சம்மணம் போட முடியாது. வீட்டில் மரத்தில் செய்த ஸ்டாண்டில் வீணையை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். தரையில் உட்கார்ந்தால்தான் தேர்வு என்று சொன்னார்களாம். வலியோடு உட்கார்ந்து வாசித்து, பாதியில் எழுந்துவிட்டார். கண் தெரியாத புல்லாங்குழல் வித்வான் சரப சாஸ்திரியை இன்றைக்கும் கொண்டாடுகிற சங்கீத உலகம் இது. கண்ணுக்கு நாம் ஒரு காலமும் தடை போட்டதில்லை. காலும் விரலும் என்றால் மட்டும் ஏன் சம்பிரதாயம் ஞாபகத்துக்கு வருகிறது? பிரிட்டனில் ஒரு கையால் வாசிக்கக்கூடிய கருவிகளை உருவாக்குவதற்கென்றே 2011-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். உங்களிடம் யாரும் கருவி செய்து கொடுக்கச் சொல்லவில்லை. நாங்களே செய்துகொண்டு வருகிறோம்.

எனக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். மறுபடி பிரஸ்ஸில் நிற்க முடியாது. சான்றிதழ் இருந்தால் பள்ளிகளில் பகுதிநேர இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே கேட்கிறேன்.

எனக்கு அனுப்பிய இரண்டு வரிப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். அல்லது எந்த விதியின் கீழ் மறுத்தீர்கள் என்று விதி எண்ணோடு எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வைக்காமல், அதே பாடத்திட்டத்தில், புதுக் கட்டணம் இல்லாமல், எனக்கும் அந்த வீணை அக்காவுக்கும் செய்முறைத் தேர்வு வையுங்கள். அன்று இருந்த தேர்வாளர்களே இருந்தாலும் ஆட்சேபம் இல்லை. வாசிப்பைக் கேட்ட பிறகு முடிவைச் சொல்லட்டும்.

தேர்வு விதிகளில் ஒரு பத்தி சேருங்கள்: உடல் காரணங்களுக்காக மாற்றியமைத்த கருவியும், மாற்றி உட்காரும் முறையும் ஏற்கப்படும், மதிப்பெண் இசைக்கு. என்ன மாற்றம் என்பதைத் தேர்வர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும், தேர்வாளர்கள் அதைப் படித்துவிட்டு வரவும் விண்ணப்பப் படிவத்தில் நாலு வரி இடம் விடுங்கள். இப்போது "கருவி" என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் நான் வயலின் என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை.

விதியை எழுதும் குழுவில் இப்படி வாசிக்கிற ஒருவரையாவது உட்கார வையுங்கள். கருவி பழுது பார்க்கிற அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவரையும் கூப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிகிற வயலினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

முப்பது நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் இந்த மடலையும் உங்கள் இரண்டு வரியையும் சேர்த்து வைத்து முறையிடுவேன். வயலினையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

இப்படிக்கு,
வாசிக்காமலே திரும்பிய வயலின் தேர்வர்